மல்சுக் விற்ற கிழவி

விற்றாள்தான். யார் இல்லை என்றது? சிறைக்குள் இருந்துகொண்டு ஒரு கிழவியைக் கூவி விற்றாள் மல்சுக். பாதி ஊர் காதால் கேட்டதை எதற்கு மறைக்க வேண்டும்? ஆனால் இறால் ஊறுகாய்க் கடைக்காரி அதற்கு ஒரு வால் ஒட்டுகிறாள் பாருங்கள், காசு வாங்கிக்கொண்டு விற்றாள் என்று, அது பச்சைப் பொய். எதிர்க்கடைக்காரி ஒட்டுகிற வால் இன்னும் நீளம். மல்சுக் உள்ளே கலவரம் செய்தாளாம். நோயை ஊருக்குள் கொண்டுவந்தவளே அவள்தானாம். நோய் வந்தபோது அவள் எங்கே இருந்தாள்? இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம். பூட்டின கதவைத் தாண்டி உள்ளே போனது நோய். வெளியே வந்தது அவளுடைய குரல் மட்டும்தான். அந்தக் குரல் ஏன் வந்தது, அதனால் அவள் எதை இழந்தாள் என்பதைக் கேட்டுவிட்டு அப்புறம் வாலை ஒட்டுங்கள்.

மல்சுக் எங்கள் துறைமுகச் சந்தையில் முப்பது வருடம் மீன் விற்றவள். புருஷன் கடலுக்குப் போனவன் கடலோடு போய்விட்டான். ஒரே மகள் போரம். சந்தையில் மல்சுக் என்று கூப்பிட ஆளில்லை, எல்லோருக்கும் அவள் போரம் அம்மா. அவளுடைய குரல் சந்தை வாசலில் நுழையும்போதே காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மீன் கடை முன்னால் நிறுத்தும். அயிலை வாங்க வராதவர்களும் அயிலையோடு வீட்டுக்குப் போனதுண்டு.

கொரியா முழுக்க வாயை மூடிக்கொண்டு நடந்த அந்த முதல் வசந்தத்தில், சந்தைச் சங்கத் தலைவர் மா என்பவர் கையில் மஞ்சள் நாடாவோடு வந்தார். மீன் கடையைச் சுற்றி நாடாவைக் கட்டினார்.

"போரம் அம்மா, இன்னிலேர்ந்து கூவக் கூடாது. கூவினா எச்சில் தெறிக்கும். எச்சில் தெறிச்சா நோய் பரவும்."

"கூவாம மீன் எப்படித் தலைவரே விக்கும்? மீனே எழுந்து பேசுமா?"

"நல்ல மீனுக்கு எதுக்குக் கூவணும்? பழைய மீனுக்குத்தான் இவ்வளவு சத்தம் வேணும்."

சுற்றி வாடிக்கைக்காரர்கள் நின்றிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மல்சுக்கின் கையில் ஒரு தோங்தே இருந்தது. தோங்தே என்றால் உறையவைத்து விற்கிற பெரிய மீன், இளகும்வரை விறகுக்கட்டைதான். அது போய்த் தலைவரின் தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு முறிந்தது. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

போலீஸ்காரர்கள் மீனையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாளில் அது இளகி நாறத் தொடங்கவே, காவல் நிலையமே மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றது. மீனைக் குப்பையில் போட்டார்கள். சாட்சிப் பொருள் போய்விட்டது என்று மல்சுக்கின் வக்கீலுக்கு ஏக சந்தோஷம். மீன் என்பது மெத்தென்று இருக்கும், மீனால் அடித்து எலும்பு முறிந்ததாக உலகத்தில் எங்கும் இல்லை என்று நீதிமன்றத்தில் நீட்டி முழக்கினார். எதிர்த்தரப்பு வக்கீல் அதே அளவில் ஒரு தோங்தேயைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். நீதிபதி அதை எடுத்து மேசையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். டொக் என்றது.

மல்சுக் சும்மா இருந்திருக்கலாம். "ஐயா, அது மட்டமான சரக்கு. என் கடை மீனா இருந்தா இன்னும் நல்லா சத்தம் கேட்டிருக்கும்" என்றாள்.

தலைவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று மகள் அழுதாள், வக்கீல் கெஞ்சினார். "மீன் பழசுன்னு சொன்னதுக்கு அவர் முதல்ல கேக்கட்டும்" என்று நின்றாள் மல்சுக். ஒரு வருடம் விழுந்தது.

சிறை இருப்பது ஊரின் தென்கோடியில். கட்டினபோது சுற்றிலும் வயல்தான். இப்போது நான்கு பக்கமும் இருபது மாடிக் குடியிருப்புகள். அந்த மாடிக்காரர்களுக்கு ஒரே கவலை. ஜன்னலைத் திறந்தால் சிறை தெரிகிறது, அதனால் வீட்டு விலை ஏறமாட்டேன் என்கிறது. சிறையை வேறு எங்காவது தூக்கிக்கொண்டு போகச் சொல்லிக் குடியிருப்போர் சங்கம் வாரம் தவறாமல் மனுக் கொடுக்கும். சிறைக்காரர்கள் கைதிகளுக்குப் பயந்ததில்லை, அந்தச் சங்கத்துக்குத்தான் பயம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஐந்து பேருக்கென்று கட்டிய அறையில் ஏழு பெண்கள். மல்லாந்து படுக்க இடமில்லை. கத்தியை நிறுத்தி வைத்தாற்போல ஒருக்களித்துப் படுப்பார்கள். ஒருத்தி புரண்டால் ஏழு பேரும் புரள வேண்டும். மல்சுக்குக்குப் பக்கத்து இடம் கும்ரேக்கு. எழுபதைத் தாண்டிய கும்ரே சீட்டுப் பிடித்தவள். ஒரு தெருவே கட்டிய சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடி, ஓடிப்போன ஊரிலும் கை சும்மா இருக்காமல் இன்னொரு சீட்டைத் தொடங்கியதால் பிடிபட்டாள். மல்சுக்கும் ஒரு காலத்தில் ஒரு சீட்டில் ஏமாந்தவள். கும்ரேயின் சீட்டு இல்லை, வேறு எவளோ. ஆனால் அந்த எவளோ கையில் கிடைக்கவில்லை, கும்ரே கிடைத்துவிட்டாள். இருவருக்கும் சண்டை ஜன்னலை வைத்துத்தான் தொடங்கும்.

"ஏன்டி மீன்காரி, ஜன்னலைச் சாத்து. முட்டியெல்லாம் குளிருது."

"காத்து வரணும்னு ரேடியோவுல சொன்னாங்க பெரியம்மா. சாத்தினா நோய் வந்துரும்."

"நீ இருக்கிற அறைக்கு நோய் எப்படி வரும்? மீன் நாத்தம் தாங்காம வாசல்லயே திரும்பிடும்."

"சீட்டுக்காரிங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்ல. நாத்தம் வர்றதுக்குள்ள ஊரை விட்டே ஓடிருவாங்க."

இந்தச் சண்டைக்கு நடுவர் ஹியோன்மி. காப்பீட்டு முகவராக இருந்து, இல்லாத விபத்துக்கெல்லாம் பணம் வாங்கிக் கொடுத்தவள். சுவரில் ஒட்டியிருந்த சிறை விதிகளைப் படித்துப் படித்து மனப்பாடம் செய்திருந்தாள். ஒருநாள் ரேடியோவில் அறிவிப்பு வந்தது. ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் விலகி இருங்கள், ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடினால் சட்டப்படி குற்றம். ஹியோன்மி தலையை எண்ணினாள்.

"நாம ஏழு பேர் இருக்கோம். சட்டப்படி நம்மளைப் பிடிச்சு உள்ள போடணும்."

அறை முழுக்கச் சிரித்த சிரிப்பில், அடுத்த அறையிலிருந்து சுவரைத் தட்டினார்கள்.

சிரித்தார்களே தவிர நிலைமை சிரிக்கிறாற்போல இல்லை. பார்வையாளர்களை உள்ளே விடுவதை நிறுத்திவிட்டார்கள். முற்றத்தில் நடக்க விடவில்லை. முகக்கவசம் எப்போதாவதுதான் வரும். ஒன்றையே துவைத்துத் துவைத்து, ஜன்னல் கம்பியில் கணவாய் காயப்போட்டாற்போல வரிசையாகத் தொங்கவிட்டார்கள். சாப்பாட்டை மட்டும் பழையபடியே சாப்பிட்டார்கள். நூடுல்ஸை ஒரே கிண்ணத்தில் ஊறவைத்து ஏழு பேரும் கரண்டியை விடுவார்கள். ஆளுக்கொரு கிண்ணம் வைத்துக்கொள்ளலாம் என்று ஹியோன்மி சொன்னபோது கும்ரேக்குக் கோபம் வந்துவிட்டது.

"தனித்தனியாத் திங்கறதுக்கு நாம என்ன ஓட்டல்லயா உக்காந்திருக்கோம்? சண்டை வேற, சோறு வேற."

அந்த ஒரு விஷயத்தில் மல்சுக் அவள் பக்கம். நாள் முழுக்க ஒருத்தியை ஒருத்தி கடித்துக் குதறிவிட்டு, ஒரே கிண்ணத்தில் சாப்பிடுகிற மனிதர்கள் நாம். நோய் எந்தப் பக்கமாக வந்தது என்று பின்னால் ஊரெல்லாம் ஆராய்ச்சி செய்தார்களே, அந்தக் கிண்ணத்தைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

பார்வையாளர்களை நிறுத்துவதற்கு முன்னால் கடைசியாக வந்தவள் போரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். பிள்ளை பிறக்கப்போவது சந்திரப் புத்தாண்டை ஒட்டி. மல்சுக்குக்கு விடுதலையோ கோடையில். அன்று அறைக்குத் திரும்பிய மல்சுக் யாரோடும் சண்டை போடவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கடற்பாசி சூப் காய்ச்சிக் கொடுப்பது அவளைப் பெற்ற தாயின் வேலை. மல்சுக் போரத்தைப் பெற்றபோது அவளுக்குத் தாய் இல்லை. பச்சை உடம்போடு எழுந்து போய் அடுப்பில் வைத்தவளும் அவளே, குடித்தவளும் அவளே. மகளுக்கு அப்படி ஆகக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே முடிவுசெய்து வைத்திருந்தாள். சூப்புக்கு மாட்டிறைச்சி போடுவதா நாக்கு மீன் போடுவதா என்பதில்கூட அவளுக்குச் சந்தேகம் இல்லை. நாக்கு மீன்தான்.

இலையுதிர் காலத்தில், சிறையில் பெண்கள் பகுதியின் அதிகாரி பியோ அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். பியோ சிடுமூஞ்சிதான், ஆனால் கெட்டவள் இல்லை.

"கூட்டத்தைக் குறைக்கணும்னு மேலேர்ந்து உத்தரவு வந்திருக்கு. சின்னத் தண்டனைக்காரங்க சில பேரைப் புத்தாண்டுக்கு முன்னாடியே அனுப்புறாங்க. பட்டியல்ல உங்க பேர் இருக்கு."

மல்சுக் அவள் கையைப் பிடிக்கப் போனாள். பியோ இரண்டடி பின்னால் போனாள்.

"தொடாதீங்க! இன்னொண்ணு. உங்க மேல ஒரு புகார் வந்தாலும் பேர் போயிடும். அதுவரைக்கும் வாயை மட்டும் மூடிட்டு இருங்க. முடியுமா?"

"முடியுமாவா? அதிகாரியம்மா, இன்னிலேர்ந்து நான் ஊமை."

அவள் ஊமையாக இருந்த காட்சியைப் பார்க்கப் பக்கத்து அறைக்காரிகளெல்லாம் ஆசைப்பட்டார்கள். காரணம் தெரிந்த கும்ரேக்குக் கொண்டாட்டம். மீன்காரிகளைப் பற்றித் தனக்குத் தெரிந்த வசையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து விட்டாள். மல்சுக் முகம் சிவந்து, கன்னம் உப்பி, போர்வையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கும்ரேக்கே சலித்துவிட்டது. "பேசுடி சனியனே. சுவரோட சண்டை போடுறாப்ல இருக்கு" என்றாள்.

பனி விழத் தொடங்கியபோது நோய் சிறைக்குள் வந்தது. முதலில் சமையற்கட்டில் வேலை செய்த கைதிகள் படுத்தார்கள். அடுப்பு அணைந்தது. மூன்று வேளையும் ஆறிப்போன பொட்டலச் சோறு வந்தது. பிறகு காவலர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். மிச்சம் இருந்த பியோ தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை மாட்டிக்கொண்டு, சரக் சரக் என்று தனியாளாக நடைவழியில் அலைந்தாள். அவளுடைய மூக்குக் கண்ணாடியில் எப்போதும் ஆவி படிந்திருக்கும். ஆளைத் தெரியாமல் சுவரிடம் பேசிவிட்டுப் போனதும் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் காலையிலிருந்தே திறந்து கிடந்தது. குளிர் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. கும்ரே ஒன்றும் சொல்லவில்லை. மல்சுக் அதை அப்போதுதான் கவனித்தாள். போர்வையை விலக்கினாள். கிழவியின் உடம்பு கொதித்தது. உதட்டில் நீலம் படர்ந்திருந்தது. மூச்சு, தரையில் போட்ட மீன் வாயைத் திறந்து மூடுகிறாற்போல வந்தது.

ஹியோன்மி மணியை அழுத்தினாள். பியோ வந்து, கதவிலிருந்த சின்னத் திறப்பு வழியாக வெப்பமானியைக் கொடுத்தாள். முப்பத்தொன்பதைத் தாண்டிக் காட்டியது.

"மாத்திரை குடுக்கிறேன். நாளைக்குப் பரிசோதனைக்காரங்க வராங்க, பட்டியல்ல முதல் பேரா போடுறேன்."

"நாளைக்கா?" என்றாள் ஹியோன்மி. "மூச்சு விட முடியல அவங்களால. ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. சிகிச்சை கேக்கிறது கைதியோட உரிமை. சட்டத்துல இருக்கு. வேணும்னா எந்தப் பக்கம்னு சொல்றேன்."

"எனக்கும் தெரியும். ஆம்புலன்ஸ் கூப்பிட மேல கையெழுத்து வேணும். கையெழுத்துப் போடுறவர் வீட்ல தனிமையில இருக்காரு. அவருக்கு அடுத்தவரும் தனிமையில. போன் பண்ணிட்டேதான் இருக்கேன். யாரும் எடுக்கல."

பியோவின் குரல் உடைந்துபோயிருந்தது. சரக் சரக் என்று போய்விட்டாள். ஹியோன்மி மனு எழுதப் போகிறேன் என்று காகிதம் தேடினாள்.

மல்சுக் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "எழுது. பதில் வர்றப்ப செர்ரிப் பூ பூத்திருக்கும். கருமாதிக்குப் போட்டுக்கலாம்."

பிறகு எழுந்து ஜன்னலைப் பார்த்தாள். அவள் எதற்குப் பார்க்கிறாள் என்று கும்ரேக்குப் புரிந்துவிட்டது. போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அவளுடைய கால்சட்டை நுனியைப் பிடித்தாள்.

"ஏய்... கத்தாத. நீ... உன் மகளுக்கு சூப்பு காய்ச்சணும்."

நாள் தவறாமல் தன்னைத் திட்டித் தீர்த்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருமென்று மல்சுக் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. "சும்மா கிட பெரியம்மா. செத்துட்டீன்னா நான் யாரோட சண்டை போடுவேன்?" என்று காலை உதறிக்கொண்டாள். மடித்து வைத்த மெத்தைகளின் மேல் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காயப்போட்ட முகக்கவசங்களுக்கு நடுவே முகத்தை நுழைத்தாள்.

காப்பாற்றுங்கள் என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள், இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முப்பது வருடம் ஒரே மெட்டில் பழகிய தொண்டை. இவ்வளவு நாள் வேறு அடைத்து வைத்திருந்தாள். உரக்கக் கூவு என்றால் அதற்கு ஒரு பாட்டுத்தான் தெரியும்.

"வந்தது வந்தது வந்ததேய்! சூடு சூடு, முப்பத்தொன்பது டிகிரி! கிழவி, கிழவி, முழுக் கிழவி! கண்ணைப் பாருங்க, இன்னும் பளபளன்னு இருக்கு! மூச்சு இருக்கு, துடிப்பு இருக்கு! இன்னிக்கு விட்டா நாளைக்குக் கெட்டுப்போகும்! காசு வேணாம், இலவசம், இலவசம்! வந்து தூக்கிட்டுப் போனாப் போதும்!"

அவளே திடுக்கிட்டு நின்றாள். பிறகு மேல்மாடியில் ஒருத்தி சிரித்தாள். சிரித்தவள் இருமினாள். இருமிவிட்டு அவளும் ஜன்னலுக்கு வந்தாள்.

"இங்கயும் ஒண்ணு இருக்கு! நாப்பது டிகிரி! நல்ல சூடு!"

"எங்க அறையில ரெண்டு! ரெண்டும் மூச்சு வாங்குது! சேத்து எடுத்துக்கோங்க!"

"மூணு நாளா கிடக்கு இங்க ஒண்ணு! யாரும் வந்து பாக்கல!"

ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. சிறையில் எத்தனை பேர் படுத்துக் கிடக்கிறார்கள் என்று சிறைக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. மல்சுக் ஒரு பாட்டம் கூவ, மற்ற ஜன்னல்கள் சரக்கைச் சொல்ல, மறுபடி மல்சுக். மீன் சந்தையில் புத்தாண்டுக்கு முந்தின நாள் இரைச்சல்கூட அதனிடம் தோற்றது.

எதிர்க் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம். ஒலிபெருக்கி வைத்த மீன் வண்டி உள்ளே புகுந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு மாடியில் கதவு திறந்தது, அரைத்தூக்கத்தில் ஓர் ஆள் எட்டிப் பார்த்தான்.

"என்ன மீனும்மா?"

"கிழவி!"

"அது என்ன மீன், கேள்விப்பட்டதே இல்லையே?"

"சீட்டுக் கிழவி! முள்ளு ஜாஸ்தி! சீக்கிரம் ஆம்புலன்ஸோட வாங்க!"

அவன் வரவில்லை. ஆனால் போனை எடுத்தான். அவன் மனைவியும் எடுத்தாள். குடியிருப்போர் சங்கத்தின் தலைவி எடுத்தாள். சிறைக்கு, நகராட்சிக்கு, போலீசுக்கு, தீயணைப்புக்கு என்று நான்கு பக்கத்துக் குடியிருப்புகளும் ஒரே நேரத்தில் போனில் ஏறின. கைதி மூச்சுத் திணறினால் எடுக்காத போன்கள், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கெட்டதற்கு அடித்துப் பிடித்துக்கொண்டு எடுக்கப்பட்டன. வீட்டுத் தனிமையில் இருந்த பெரிய அதிகாரி எங்கிருந்தோ கையெழுத்துப் போட்டார். முதலில் போலீஸ் வண்டி வந்து மீன் வண்டியைத் தேடியது. அதன் பின்னாலேயே ஆம்புலன்ஸ் வந்தது. ஒன்று இல்லை, வரிசையாக.

கும்ரேயைத் தூக்கிக்கொண்டு போகும்போது, பிராணவாயு மூடியை மூக்கில் மாட்டியிருந்தார்கள். அப்போதும் மல்சுக்கைப் பார்த்து ஏதோ திட்டினாள். மூடிக்குள் ஆவிதான் படிந்தது.

எங்கள் சந்தைக்காரர்கள் சிலர் அந்தக் குடியிருப்பில் இருக்கிறார்கள். அடுத்த நாளே கைப்பேசியில் எடுத்த படம் சந்தையைச் சுற்றி வந்துவிட்டது. படத்தில் முகம் தெரியவில்லை. குரலைக் கேட்டதும் தலைவர் மா அனிச்சையாகத் தோளைப் பிடித்துக்கொண்டார். கிழவியை விற்ற கதை இப்படித்தான் சந்தைக்கு வந்தது, வால் ஒவ்வொன்றாக இங்கேதான் முளைத்தது.

பரிசோதனையில் அறையில் எல்லோருக்கும் நோய் என்று வந்தது, மல்சுக்குக்கும் சேர்த்து. லேசானதுதான். வாடை தெரியாமல் போயிற்று. முப்பது வருடத்தில் முதல்முறையாகத் தன்மேல் மீன் நாறவில்லை என்று அவள் கொஞ்ச நாள் சந்தோஷமாகக்கூட இருந்தாள். கூச்சல் போட்டு ஒழுங்கைக் குலைத்ததற்காகத் தனியறைத் தண்டனை என்று எழுதினார்கள். தனியறைகளிலெல்லாம் நோயாளிகள் படுத்திருந்தார்கள். ஆகவே தண்டனையும் வரிசையில் நின்றது. நின்று நின்று, கடைசிவரை அதன் முறை வரவே இல்லை.

ஆனால் பட்டியல் வரிசையில் நிற்கவில்லை. ஒருநாள் மாலை பியோ வந்து கதவுக்கு வெளியே நின்றாள்.

"பேர் போயிடுச்சு."

மல்சுக் தலையாட்டினாள்.

"நான்தான் சொன்னேனே, வாயை மூடிட்டு இருங்கன்னு."

"மூடிட்டுத்தான் இருந்தேன் அதிகாரியம்மா. அதுவா வந்துருச்சு."

பியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஆவி படிந்தது. "அந்தப் பெரியம்மா பொழைச்சுட்டாங்க. மத்தவங்களும்" என்றாள். மல்சுக் அதற்கும் தலையாட்டினாள். அன்று பொட்டலச் சோற்றை அவள் பிரிக்கவில்லை. சிறையில் அவள் அழுதது அன்றைக்கு ஒருநாள்தான், அதுவும் சுவர் பக்கம் ஒருக்களித்துப் படுத்து. அவள் தோள் குலுங்கக் குலுங்க, இடமில்லாததால் மற்றவர்களும் சேர்ந்து குலுங்கினார்கள்.

போரத்துக்குப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் பெண் குழந்தை பிறந்தது. நேரில் பார்க்க முடியாதவர்களுக்குக் காணொளியில் பேச விடுவார்கள், அதற்கும் நீண்ட வரிசை. பியோ என்ன செய்தாளோ, மல்சுக்கின் பெயர் மேலே வந்துவிட்டது. திரையில் குழந்தையைக் காட்டினார்கள், உள்ளங்கை அகல முகம். மகள் பக்கத்தில் படுத்திருந்தாள். மல்சுக் ஒரு கணம்தான் பார்த்தாள். நேரம் ஓடுகிறதே.

"மாப்பிள்ளையைக் கூப்பிடு!"

மருமகன் கியுசிக் கணினிக் கம்பெனிக்காரன். இடுப்பில் மனைவியின் சமையல் துணியைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நின்றான்.

"கடற்பாசி ஊறப் போட்டீங்களா மாப்பிள்ளை?"

"போட்டாச்சு அத்தை. காலையிலேயே போட்டுட்டேன்."

"எவ்வளவு?"

"ஒரு பாக்கெட்."

"ஒரு பிடி போட்டாலே போதுமே! முழு பாக்கெட்டா?"

"காஞ்சுபோய்ச் சின்னதா இருந்துச்சு அத்தை. பத்தாதோன்னு இன்னொரு பாக்கெட்டும்..."

அவன் பேச்சை நிறுத்திவிட்டுக் கைப்பேசியைத் திருப்பினான். பாத்திரம் நிரம்பி, தொட்டி நிரம்பி, கழுவுமிடம் நிரம்பி, கறுப்பும் பச்சையுமாகக் கடற்பாசி வழிந்து கிடந்தது. குளியலறையைக் காட்டினான். குளியல் தொட்டி முழுக்கக் கடற்பாசி. குழந்தையைக் குளிப்பாட்ட வாங்கிய ரோஜா நிறத் தொட்டியிலும்.

"நிக்கமாட்டேங்குது அத்தை. இன்னும் வளருது."

மல்சுக் சிரித்த சிரிப்பில் நடைவழியின் கோடியிலிருந்த காவலர் ஓடிவந்துவிட்டார். சிரித்துக்கொண்டே சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். ஒரு பிடியை மட்டும் எடுங்கள், நல்லெண்ணெயில் வதக்குங்கள், நாக்கு மீனைத் தலையோடு போடுங்கள், உங்கள் அம்மா வீட்டுக்காரர்கள் மாட்டிறைச்சி என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள், பால் நிறம் வரும்வரை கொதிக்க விடுங்கள்.

"கடைசியில உப்பு. உப்பு மட்டும் பாத்து..."

திரை அணைந்துவிட்டது. அடுத்தமுறை அவள் முறை வந்தபோது குழந்தை விடாமல் அழுததிலேயே நேரம் தீர்ந்தது. மல்சுக்குக்கு அதில் குறையில்லை. "குரல் இருக்கு. பொழைச்சுக்கும்" என்று அறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

செர்ரிப் பூவெல்லாம் உதிர்ந்த பிறகு கும்ரே ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். அறைக்குள் காலை வைத்ததும் மல்சுக் முன்னால் வந்து நின்றாள்.

"உன்னை ஒண்ணு கேக்கணும்னுதான் சாகாம வந்தேன். என்னை இலவசமாவா குடுத்த?"

"வேற எப்படிக் குடுப்பாங்க? சீட்டுக்காரிய எவன் காசு குடுத்து வாங்குவான்?"

"அயிலைத் தலைக்குக்கூட ஒரு விலை இருக்குடி! ஊர் முழுக்கக் கேக்க இலவசம் இலவசம்னு! எனக்குன்னு ஒரு மரியாதை வேணாமா?" என்றவள், தன் இடத்தில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டு, "அந்த ஜன்னலைச் சாத்து" என்றாள்.

மல்சுக் சாத்தவில்லை. ஆனால் தன் போர்வையை எடுத்து அவள் முட்டிமேல் எறிந்தாள்.

கோடையில் ஒரு காலை மல்சுக்கின் ஒரு வருடம் முடிந்தது. ஹியோன்மி வாழ்த்துச் சொன்னாள். கும்ரே, வெளியே போனதும் தன் பேரில் ஒரு நல்ல சீட்டாகப் பார்த்துக் கட்டச் சொன்னாள். பியோ பெரிய கதவுவரை கூடவே வந்தாள். இப்போது வெள்ளை உடை இல்லை, முகக்கவசம் மட்டும்.

"திரும்பி வராதீங்க" என்றாள்.

"மீன் வாங்கவாவது நீ வா."

கதவு திறந்தது. மல்சுக் வெளியே காலை வைத்தாள். போரம் குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு, வெள்ளைக் கட்டியாகச் சோயாப் பன்னீரை ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். சிறையிலிருந்து வருகிறவர்கள் முதலில் தின்ன வேண்டியது அதுதானே. மல்சுக் அவசரத்தில் முகக்கவசத்தோடு சேர்த்தே ஒரு கடி கடித்தாள். பாதி உள்ளே போயிற்று, பாதி முகத்தில் ஒட்டிக்கொண்டது. குழந்தை அதைப் பார்த்து வீறிட்டு அழுதது.

எதிர்மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆள் எட்டிப் பார்த்தான்.

"மீன்காரம்மா! அந்தக் கிழவி வித்துப்போச்சா?"

"யாரும் வச்சுக்கல! திரும்பி வந்துருச்சு!"

கியுசிக் அவள் முன்னால் வந்து நின்றான். வணக்கம் சொல்லவில்லை, சுகமா என்று கேட்கவில்லை. புத்தாண்டிலிருந்து அடக்கி வைத்திருந்ததைத்தான் கேட்டான்.

"அத்தை, உப்பு எவ்வளவு?"

"அப்ப இவ்வளவு நாளா?"

"போடவே இல்ல. ஜாஸ்தியாயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

போரம் வேறு பக்கம் பார்த்தாள். மல்சுக் தாடையில் ஒட்டியிருந்ததைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கடற்பாசி தீந்துபோச்சா மாப்பிள்ளை?"

"எங்க அத்தை? குளிர்பெட்டி முழுக்க இன்னும் அதுதான். ஐஸ்கிரீம் வைக்க இடமில்ல."

"அப்ப வண்டிய எடுங்க. போற வழியில சந்தையில நிறுத்தணும், நாக்கு மீன் வாங்க. என் மகளுக்கு நான் காய்ச்சுறேன்" என்று சொல்லி, மல்சுக் முன்னால் நடந்தாள்.